பதினொரு செக்கன்

கிளிநொச்சி, டிப்போ றோட்டு,
டயர் கடைக்கு மேல்மாடி.
பகலில் கல்யாண வீடுகள் வெட்டுகிறேன்.
மாப்பிள்ளையின் முகத்தை ஒரு பிடி வெளுப்பாக்கி,
கூறைச் சிவப்பை இன்னும் கொஞ்சம் எரியவிட்டு,
கொட்டாவி விட்ட சித்தப்பாவைத் தூக்கி எறிந்து.
இரவில் கஜிந்தனின் படம்.

அவன் ஒஸ்லோவில். குரல் மட்டும் வரும்:
"அண்ணை, பச்சையைக் குறையுங்கோ.
வன்னி மாதிரி இல்லை."

மார்கழி. முத்தையன்கட்டுக் குளம் வான் பாய்ந்த கிழமை
எடுத்த படம்.
வயல் பச்சை, வேலி பச்சை,
வாய்க்கால் தண்ணிக்குள்ளும் பச்சை.
கமரா கண்டது அதைத்தான்.
நான் இடப்பக்கம் இழுக்கிறேன்.
நெல் வைக்கோலாகிறது.
இன்னும் இழுக்க, வானம் சாம்பல் பூசிக்கொள்கிறது.
கனகேஸ்வரி அக்காவின் நீலச் சட்டை
(வவுனியாவில் மலிவு விற்பனையில் எடுத்தது என்று
கமரா ஓட முதலே சொன்னவ)
பழந்துணியாகிறது.
"ஓம், இப்ப சரி."
எனக்கும் நெஞ்சு அடைக்கிறது.
அதுதான் கோபம்:
எவ்வளவு இழுத்தால் அடைக்கும் என்று தெரிந்த எனக்கும்
அடைக்கிறது.

பிறகு அந்தப் பார்வை.
அவ ஒரு பக்கம் திரும்பி, வாய் மூடி, பார்க்கிறா.
பதினொரு செக்கன்.
பின்னால் ஒரு வெறுங்கதிரையை ஒட்டினேன்:
மகனுக்காகக் காத்திருக்கிறா.
கதிரையை எடுத்து மழையை ஒட்டினேன்:
மன்னித்துவிட்டா.
முள்ளுக்கம்பியை ஒட்டினேன்:
ஏழு பிறப்புக்கும் மன்னிக்க மாட்டா.
முகம் ஒரு மயிரளவும் மாறவில்லை.

அன்றைக்கு நானும் அங்கே நின்றனான்,
மைக் பிடித்தபடி.
கமராக்காரப் பெடியன் தர்சிகனின் கழுத்தில்
ஒரு முசுறு ஏறிக்கொண்டிருந்தது.
அதைத்தான் பார்த்தவ.
கடிக்குமோ, சொல்லுவமோ, சொன்னால் படம் பழுதாகுமோ என்று
பதினொரு செக்கன்.
பன்னிரண்டில் அவன் துள்ள
கமரா வானத்துக்குப் போனது.
படம் இல்லை, சத்தம் இருக்கிறது இன்னும்:
மூச்சு முட்டி, இருமி, "ஐயோ தம்பி, ஐயோ" என்று
வயிற்றைப் பிடித்துச் சிரித்த சிரிப்பு.
சிரிப்பு அடங்க முதலே
மகனை ஏற்றிய பஸ்ஸின் கதையைத் தொடங்கினவ.
கண்ணில் தண்ணி அப்போதே நின்றது.
எந்தத் தண்ணி எதற்கு என்று
எந்த இடத்தில் நான் வெட்ட?

கதிரையோடுதான் படம் போனது.
ஒட்டுசுட்டானில், பொதுநோக்கு மண்டபத்தில்,
இரவல் புரொஜெக்டரில்.
சனம் அழுதது.
அந்தக் கதிரைக்கு அழுதது.
அது என்னுடைய கதிரை,
ஒரு கால் ஆடும், இப்போதும் அதில்தான் இருக்கிறேன்.
அக்கா அழவில்லை.
எல்லோரும் போன பிறகு வந்து கேட்டா:
"தம்பி, என்ர சட்டை என்ன நிறம்?"
நீலம் அக்கா.
"அப்ப அந்த முசுறு?"

விடிய மூன்று மணி.
சிரிப்பை எடுத்து வெறும் வானத்தின் மேல் வைத்திருக்கிறேன்.
சனம் குழம்பும் என்பான் கஜிந்தன்.
பச்சையை மெல்ல வலப்பக்கம் தள்ள
வயல் திரும்பி வருகிறது,
வந்து, கொஞ்சம் மிஞ்சிப் போகிறது,
கல்யாண வீட்டு வாழையிலை மாதிரி.
அன்றைக்கு இருந்த பச்சை எதுவென்று
எனக்கும் இப்போது பிடிபடவில்லை.
போய்ப் பார்த்து வரலாம் என்றால்
இது மாசி.
அருவி வெட்டு முடிந்து
வயலெல்லாம் கிடக்கும்,
கஜிந்தன் கேட்ட நிறத்தில்.