விற்கக் காரணம்

படிவத்தில் அதற்கு அரை வரிதான் இடம்.
மனாமாவிலிருந்து வந்தவர்
பேனாவை என் பக்கம் உருட்டிவிட்டு
ஏசிக் காற்று முகத்தில் அடிக்காதபடி
நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்.
"ஏதாவது எழுதுங்கள், பேங்க் கேட்கும்."

ரூவியில் ஜூலை.
உள்ளே வந்த வெயில்
மலைகளுக்கு நடுவே வழி தெரியாமல் நிற்கும் ஊர்.
கீழே புரோட்டாக் கடையின் எண்ணெய் வாசம்
லிஃப்ட் ஏறி நான்காம் மாடிக்கு வரும்
எங்கள் வாடிக்கையாளர்களைவிட ஒழுங்காக.

நஷ்டம் என்று எழுதலாம். பொய்யில்லை.
ஆனால் ஏழு வருஷம் நஷ்டத்தோடு
ஒரே தட்டில் சாப்பிட்டவன் நான்;
இப்போது அதன்மேல் பழி போடுவது அழகில்லை.

சலவைக் கடைகளுக்கான மென்பொருள்.
எந்தத் திஷ்தாஷா யாருடையது,
எந்தக் கும்மாவுக்குக் கஞ்சி, எதற்கு வேண்டாம்,
கழுத்துக் குஞ்சத்தில் அத்தர்க் கறை உண்டா,
எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் வைத்திருந்தோம்.
நூற்றுப் பன்னிரண்டு கடைகள் ஒரு காலத்தில்.
பிறகு மாதம் இரண்டு ரியாலுக்கு
யாரோ ஃபோனிலேயே கொடுத்தார்கள்.
எண்பது. ஐம்பத்தொன்று.
முப்பத்து நாலில் கொஞ்ச நாள் நின்றது,
மூச்சு வாங்குகிறவன் மாடிப்படியில் நிற்பதுபோல.

சந்தா கேட்டு பர்க்காவுக்குப் போனேன் ஒருநாள்.
மொய்துக்காவின் கணினிமேல் துண்டு போர்த்தியிருந்தது.
பக்கத்தில் நீல நோட்டு.
"ரெண்டிலும் எழுதுறேன் மோனே.
நோட்டு தப்பினா உன் சாதனம் இருக்கில்லே."
இதுவரை தப்பியிருக்கா என்றேன்.
சுலைமானியில் நிதானமாக
எலுமிச்சை பிழிந்தார்.

மனைவியிடம் மகளின் கல்லூரிப் பணம் என்றேன்.
ஹிலாலிடம், சந்தை மாறிவிட்டது.
பங்குதாரர், நல்ல மனுஷர், உடனே நம்பினார்.
அவர் நம்பியதும்தான்
அது காரணமில்லை என்று தெரிந்தது.

வின்ஸ்லோ என்று எழுத வேண்டும்.
நிரல் முழுவதும் அவன் தலைக்குள் இருந்தது;
அதனால் அவன் தலை எனக்குச் சொந்தம் என்று
எப்போதோ நினைக்கத் தொடங்கியிருந்தேன்.
பிரசவத்துக்கு மனைவியை விமானம் ஏற்றியவன்
தானும் போகக் கேட்டான்.
பெருநாள் முடியட்டும் என்றேன்.

பெருநாளுக்கு முந்தின இரவு சர்வர் விழுந்தது.
சூரில் நாற்பது திஷ்தாஷாக்கள்
பேரில்லாமல் தொங்கின.
ஒரு காதில் கடைக்காரர் கத்துகிறார்,
மறு காதில் மார்த்தாண்டம் ஆஸ்பத்திரி.
விடிய இரண்டு மணி இருக்கும்போது
"வந்தாச்சு சார்" என்றான், கண் கலங்கி.

நான் கேட்டது:
"சூருக்குச் சொல்லிட்டியா?"

பெண் குழந்தை என்பது
மூன்று நாள் கழித்து
மேசையில் இருந்த லட்டு சொல்லித்தான் தெரியும்.

"சொந்தக் காரணம்" என்று எழுதினேன்.
அரை வரியிலும் இடம் மிச்சம்.
"எல்லோரும் இதைத்தான் எழுதுகிறார்கள்" என்றவர்
பன்னிரண்டாம் பக்கத்தைப் புரட்டினார்.
"அந்தப் பையன் எங்களோடு ஒரு வருஷம் இருப்பான்தானே?
லீவு இல்லாமல். விலையே அதற்குத்தான்."

அவன் லீவில் இருக்கிறான் என்றேன்.
எப்போது வருவான்?
தெரியாது.

அவர் அந்த வரியை அடித்தார்.
மூவாயிரம் ரியால் குறைந்தது.
கையெழுத்துப் போடும்போது
பக்கத்து அறையில் கீபோர்டு சத்தம்
நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது.
நாங்கள் இருவரும்
அது ஏசி என்பதுபோல் இருந்தோம்.