கரண்டிக் காம்பு

ஜூன் மாதம். மாம்பழக் கூழ் ஆலையில்
இரவு ஷிப்ட் முடிய ஆறு.
ஆறரைக்கு, கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி தாண்டி
திம்மராயன் கடை வரிசையில் நிற்கிறேன்,
டோக்கன் ஈரக் கையில் ஒட்டிக்கொண்டு.

எட்டு மணி நேரம் கையுறைக்குள் கிடந்த கை இது.
விரல் நுனியெல்லாம் பிழிந்த துணிபோல் சுருங்கியிருக்கும்.
ஆலையில் என் வேலை
அடுத்தவர் கையைச் சந்தேகிப்பது.
பஞ்சு சுற்றிய குச்சியால் உள்ளங்கை துடைத்து
கண்ணாடித் தட்டில் கோடிழுத்து
இரண்டு நாள் சூட்டில் வைத்து
முளைத்ததை எண்ணுவது.
பெயர் எழுதி, எண்ணிக்கை எழுதி, கீழே கையெழுத்து.
அந்தக் கையெழுத்தால் இந்த சீசனில்
ஐந்து பேர் ஒருநாள் கூலி இழந்திருக்கிறார்கள்.

கடைச் சுவரில் போர்டு:
சாப்பிட்ட கையால் கரண்டி தொடாதீர்.
சாம்பார் ஆவியில் 'தீர்' மட்டும் ஊறி உரிந்திருந்தது.

பந்தி என்றால் கவலையில்லை.
வாளி தூக்கி வருகிற கை வேறு, தின்கிற கை வேறு.
இலையில் விழுந்தது எதுவும்
வாளிக்குத் திரும்பாது.
இங்கே விருந்தாளியும் நான், பரிமாறுகிறவனும் நான்.
வலது கை எச்சில்.
இடது கையை எதற்கும் நீட்டாதே என்று வளர்த்திருக்கிறார்கள்.
மிச்சமுள்ள கை எது?

எனக்கு முன்னால் ஒரு லாரி டிரைவர்.
பல்லில் கறை, சட்டையில் டீசல்.
மனசுக்குள் அவனுக்கு ஒரு தட்டு வைத்து
முன்கூட்டியே முடிவும் எழுதிவிட்டேன்:
எண்ண முடியாத அளவு.
அவனோ
இரண்டாம் தரம் சட்னிக்கு வந்தபோது
வலது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு
இடது கையால் காம்பின் நுனியைப் பிடித்து
ஒரு சொட்டும் சிந்தாமல் ஊற்றி
கரண்டியை இருந்த பக்கமே சாய்த்துவிட்டுப் போனான்.

எனக்கும் சட்னி போதவில்லை. எழுந்து வந்தேன்.
போன் அடித்தது. டேங்கர் பர்கூரில் நிற்கிறதாம்.
தோளுக்கும் காதுக்கும் நடுவே போன்,
இடது கையில் தட்டு.
எச்சில் கையால் காக்கா ஓட்டாதவன் என்று
என்னைப் பற்றி ஊரில் சொல்வார்கள்.
அந்தக் கைதான்
கரண்டியைப் பிடித்தது.

காம்பில் மஞ்சளாய் நாலு விரல்.
ஒரு துணுக்கு இட்லி.

பின்னால் ஒரு பெண்,
கழுத்தில் நர்சிங் காலேஜ் அட்டை.
பார்த்தாள். கரண்டியை. பிறகு
என் முகத்தை அல்ல, என் கையை.
ஒன்றும் சொல்லவில்லை.
நீட்டிய கையை இழுத்துக்கொண்டு
தூண் பக்கம் போய் நின்று
இரண்டு இட்லியையும் வெறுமனே
தண்ணீர் குடித்துக் குடித்து விழுங்கினாள்.
திட்டியிருக்கலாம்.

மேசை துடைக்கும் முனிரத்தினத்திடம் போய்
குரலைத் தாழ்த்திச் சொன்னேன்:
"அக்கா, அந்தக் கரண்டிய மாத்திடுங்க.
யாரோ எச்சக் கைய வெச்சிருக்காங்க."
யாரோ.

"இன்னா ஜென்மங்களோ,
வீட்லயும் இப்படித்தான் திங்குங்களா"
என்றபடியே வேறு கரண்டி போட்டாள்,
சட்னியையும் தூக்கிக் கொட்டினாள்.
அரை வாளித் தேங்காய்.
நானும் தலையாட்டி வைத்தேன்,
ஜென்மங்களைப் பற்றி.
அதற்குள் அந்தப் பெண்ணின் பஸ் போய்விட்டது.

கைக்கு இரண்டு தரம் சோப்புப் போட்டேன்.

இன்றிரவு ஷிப்டில்
முதல் குச்சியை என் உள்ளங்கையில் இழுத்தேன்.
கழுவிய கைதான். சுத்தமென்றே வரலாம்.
தட்டைத் திருப்பி, மார்க்கர் எடுத்து
தேதி எழுதினேன். ஷிப்ட் எழுதினேன்.
பெயர் என்ற இடத்தில்
மார்க்கர் கொஞ்ச நேரம் நின்றது.
வெளியே பாய்லர் சத்தம்,
மூக்கில் பழுத்துப் பழுத்துப் புளித்த வாசம்.

சு. வரதப்பன், தரக் கட்டுப்பாடு
என்று எழுதி
முப்பத்தேழு டிகிரியில் வைத்து
கதவைச் சாத்தினேன்.