முப்பத்திரண்டாவது மாத்திரை

இந்த நோய்க்கு மாத்திரை இல்லாத காலம் அது.
நீரடிமுத்து எண்ணெயைச் சூடாக்கி
வாரம் இருமுறை பிட்டத்தில் இறக்குவார்கள்.
சனிக்கிழமை மாலைகளில்
சலவைக்கூடத்துப் பலகைகளை ஒதுக்கிவிட்டு
டாக்டர் குரேபயாஷி தந்தது
வேறு மாத்திரை.
எண்ணி முப்பத்தொன்று.
ஐந்து, ஏழு, ஐந்து, ஏழு, ஏழு.
கட்டைவிரலில் தொடங்கி மடக்கிக் காட்டினார்.

"ஒரு மாத்திரை என்றால்
இமை மூடித் திறக்கும் நேரம்.
விரல் சொடுக்கும் நேரம்."

சொல்லிவிட்டு நிமிர்ந்தார்.
முன்வரிசையில் ஷிகெனோ,
மூன்று வருடமாய் மூடாத கண்களால்
அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
(ஈரத்துணி போட்டுக்கொண்டுதான் தூங்குவாள்.)
பக்கத்தில் அவள் புருஷன் தொமெகிச்சி.
சொடுக்கச் சொன்னால்
அவன் எதைச் சொடுக்குவான்?

யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும்.
டாக்டர் காதுவரை சிவந்து
இரண்டு கைகளையும் அங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.
அதன்பின் சனிக்கிழமைகளில்
அந்தக் கைகளை நாங்கள் பார்க்கவில்லை.

எண்ணுவதற்கு எங்களுக்கு வேறு வழி கிடைத்தது.
நாக்கால் பல்லில் தட்டினோம்.
பல் போனவர்கள் தாடையை ஆட்டினார்கள்.
செத்தோ உள்கடலில் போகும் படகுக்காரன் எட்டிப் பார்த்தால்
மாட்டுக்கொட்டில் என்றே நினைத்திருப்பான்:
பதினெட்டுப் பேர்
அசை போட்டுக்கொண்டிருந்தோம்.

எனக்கு மூன்று விரல் மிச்சம்.
ஆகவே எழுதுகிறவன் நான்.
கவிதைக்குக் கீழே பெயர்;
படகுத்துறையில் எங்களுக்குச் சூட்டிய பெயர்,
ஊரில் தங்கையின் கல்யாணம் நின்றுவிடாதிருக்க.

சிப்பி வரிசைகள், உறைபனி, கொதிகலன் அறைப் பூனை
என்று பாடிக்கொண்டிருந்தோம்.
"நிலா வந்துவிட்டதே, வெளிச்சம் எதற்கு?"
என்று அடிப்பார் டாக்டர்.
நல்ல காது அவருக்கு.

நவம்பரில் தொமெகிச்சி வாய் திறந்தான்.

*மணநாளுக்கு முந்தின வியாழன்
வெள்ளைப் பீங்கான் தட்டில்
பஞ்சோடு பஞ்சாய்ப் போகிறான்
என்னை அப்பா என்றிருக்கக்கூடியவன்.
கதவை மெல்லச் சாத்துகிறார்கள்.*

தீவில் கட்டிக்கொள்ள வேண்டுமானால்
ஆண் முதலில் அறுவை அறைக்குப் போகவேண்டும்.
சட்டம் யாருடையதோ.
கத்தி யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும்.
ஒரு தாடையும் ஆடவில்லை.

"கடைசி அடியில் ஒன்று கூடுதல்,"
நெடுநேரம் கழித்து டாக்டர் சொன்னார்.
"முப்பத்திரண்டு வருகிறது."

"எதை வெட்டலாம், ஐயா?"
கேலி இல்லை. பாடம் கேட்கிற குரல்தான்.
"வெட்டத் தெரிந்தவர் நீங்கள்தானே."

பைக்குள்ளிருந்து கைகள் வெளியே வந்தன.
மேசைமேல் வைத்துக்கொண்டு
யாரோ மறந்துவிட்டுப் போன கையுறைகளைப்போல
அவற்றைப் பார்த்தார்.
"இருக்கட்டும்," என்றார். என்னிடம், "எழுது."

அடுத்த வியாழனும்
அறுவை அறை விளக்கு எரிந்தது.
அதையும் எழுதி வைக்கிறேன்.

இதழ் அச்சாகி வந்தபோது
கோபே அச்சுக்காரர் அந்த ஒரு மாத்திரையைச் சரிசெய்திருந்தார்.
நாற்பது பிரதி.
நாற்பதிலும் பென்சிலால் திரும்பச் சேர்த்தேன்.
மூன்று விரல், இரண்டு இரவு.

பிறகு மாத்திரை வந்தது.
வெள்ளையாய், சட்டைப் பொத்தான் அளவில்.
தொமெகிச்சி அதைப் பார்க்கவில்லை.
ஷிகெனோ தடவிப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்றாள்.
டாக்டர் பெருநிலத்துக்கு மாற்றலாகிப் போயிருந்தார்;
புத்தாண்டு அட்டை வரும், கவிதை இருக்காது.

காலையில் நாக்கில் வைத்து
விழுங்குமுன், பழக்கத்தில்,
பல்லில் தட்டி எண்ணுகிறேன்.
எப்படி எண்ணினாலும்
ஒன்று கூடுதலாக வருகிறது.