பதினாறு புள்ளி ஒன்பது

உறைமேல் இன்னும் போர்ட் எலிசபெத் என்றுதான் எழுதுகிறார்
மார்த்தினஸ் ஃபோஸ்லூ.
ஊர் பேர் மாற்றிக்கொண்டு வருடங்களாயிற்று.
தபாலுக்கு இரண்டும் ஒன்றுதான்.
பிரித்தால் ஜான்சன்வில் பக்கத்துப் புழுதி, ஒரு வேலமுள்,
விலாவின் நடுவில் கத்தரித்த ஒரு பிடி ரோமம்.
சாம்பல் நிறம்.
பெயர் ரூக். ஆண். வயது நான்கு.
ஆப்பிரிக்கான்ஸில் ரூக் என்றால் புகை.

இருபது டிகிரி, அறுபத்தைந்து விழுக்காடு ஈரப்பதம்.
வெளியே காற்று கடலைப் பிய்த்துத் தெருவில் எறிந்தாலும்
என் அறைக்குள் வருடம் முழுக்க ஒரே வானிலை.
வந்த ரோமம் இங்கே ஒரு நாள் சும்மா கிடக்க வேண்டும்,
பெண் பார்க்க வந்தவர்கள்
தண்ணீர் குடித்து வியர்வை ஆறுவதுபோல.
அப்புறம்தான் பேச்சு.
கழுவி, இரண்டு மில்லிமீட்டர் துணுக்குகளாக நறுக்கி,
கண்ணாடித் தட்டில் தூவிவிட்டால்
இயந்திரம் நாலாயிரம் இழைகளை அளந்து
ஒரு எண்ணைத் துப்பும்.

பதினாறு புள்ளி ஒன்பது மைக்ரான்.

மறுபடி ஓட்டினேன். அதுவேதான்.
நான்கு வயது ஆணுக்கு இது வாய்க்காது.
வயது ஏற ஏற அல்பாக்கா தடிக்கும்,
நம்மைப்போல.
இப்படி ஒரு எண்ணுக்கு முன்னால்
பெட்டைகளை வரிசையில் கொண்டுவந்து நிறுத்துவார்கள்.
பிறக்காத குட்டிக்கு முன்பணம் கொடுப்பார்கள்.

மிச்சமிருந்த கற்றையை இரு முனையும் பிடித்துக்
காதருகே வைத்துச் சுண்டினேன்.
நல்ல ரோமம் தந்திபோல் அதிரும்.
இது, சருகில் யாரோ கால் வைத்த மாதிரி
நொறுங்கிய சத்தத்தோடு
அறுந்தது.
நுனி, போன நவம்பர்.
வெட்டுவாய், இந்த நவம்பர்.
அறுந்த இடம் ஜூலை.

ரத்தம் கொடுத்த மென்மை இல்லை இது.
தீனி இல்லாமல் தோல் இழைத்த மென்மை.

படிவத்தில் சராசரிக்குக் கட்டம் உண்டு,
விலகலுக்கு உண்டு,
முப்பது மைக்ரானுக்கு மேல் எத்தனை என்பதற்கு உண்டு.
பசிக்கு இல்லை.

தொலைபேசினேன்.
"மிஸஸ் படையாச்சி, மூன்று வருடத்தில்
எனக்கு வந்த ஒரே நல்ல செய்தி இது" என்றார்.
சொன்னேன்.
நெடுநேரம் ஒரு தகரக் கதவு அடித்துக்கொள்ளும் ஓசை.
பிறகு, "ஜூலையா?" என்றார்.
"ஜூலையில் ஆழ்துளைக் கிணறு வற்றியது.
சோலிலே கற்றாழையை நெருப்பில் வாட்டி முள் நீக்கிப் போட்டான்.
ஆடுகள் தின்றன. இது முகர்ந்துவிட்டு நின்றது."
நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

அன்று மதியம், சாப்பாட்டு நேரத்தில்,
செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன்.
என் தலைமுடி ஒன்றைப் பிடுங்கி நீளவாக்கில் அளந்தேன்.
எழுபத்திரண்டு, எழுபத்தொன்று, எழுபத்திரண்டு.
வேரிலிருந்து பதினான்காவது சென்டிமீட்டரில்
ஐம்பத்தெட்டு.
மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.
அலுவலகத்தில் யாருக்கும் அந்த மாதம் தெரியாது.
லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு தினமும் வந்தேன்.

ரூக்கை விற்றுவிட்டார்.
ஏலத்தில் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்களாம்.
என் கையெழுத்து, என் முத்திரை, என் எண்.
நான் பேசிய தொலைபேசி
எந்தச் சட்டத்துக்குள்ளும் இல்லை.
அவரைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை.
வற்றிய கிணற்றுக்கும் வங்கிக்கும் நடுவில்
மனிதர் வேறு எதைத்தான் விற்பார்.

இந்த வருடம் கிராஃப் ரெய்னெட்டிலிருந்து
வேறொரு பண்ணை, வேறொரு உறை.
ரூக்கின் மகள். முதல் கத்தரிப்பு.
கொழுத்த மழைக்காலம் பார்த்த ரோமம்,
காதருகே சுண்டினால் வீணை.
இருபத்து நான்கு புள்ளி ஆறு.
கூடவே ஒரு கடிதம்:
அறிக்கையில் பிழையா? மறுபடி சோதிக்க முடியுமா?

சோதித்தேன்.
பிழை இல்லை என்று கட்டத்துக்குள் எழுதினேன்.
கட்டத்துக்கு வெளியே, தாளின் ஓரத்தில்,
பேனாவைச் சாய்த்துப் பிடித்து
பொடி எழுத்தில்:

அந்த வருடம்
தகப்பன் பசித்திருந்தது.