பழைய எண், புதிய எண்

எங்கள் வீட்டுக்கு இரண்டு எண்கள்.
பழையது முப்பத்தொன்று, புதியது பதினான்கு,
நடுவே ஒரு சாய்கோடு.
கல்மண்டபத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.
கெமி என்ற பனியூரில் இருக்கும் இர்யாவுக்கு விளக்க
பாதி அட்டை செலவானது.
மீதிப் பாதியில்
கடலோரம் குடியிருக்கிறேன் என்று எழுதினேன்.
பொய்யில்லை.
கடலுக்கும் எனக்கும் நடுவே
கன்டெய்னர் லாரிகள் நிற்பதையும்
அலைக்குப் பாறாங்கல் கொட்டியிருப்பதையும்
எழுத இடமில்லை, அவ்வளவுதான்.

கடையில் விற்கும் சென்னை அட்டைகளில்
மயிலாப்பூர்க் கோபுரம், கலங்கரை விளக்கம்,
மெரினாவில் ஒரு குதிரை.
பாரீஸ் கார்னருக்கு வடக்கே
ஊரே கிடையாது போல.
அதனால் நானே செய்கிறேன்:
பாக்கியம் டிரெய்லரில் இருந்தபடி செல்போனில் பிடித்த
எண்ணூர்ப் புகைபோக்கிகள்,
மிண்டில் பிரிண்ட் போட்டு
பழைய கல்யாணப் பத்திரிகையின் முதுகில் ஒட்டியது.

இர்யா பதில் எழுதினாள்:
"எங்களுக்கும் புகைபோக்கி உண்டு. காகித ஆலை.
காற்று திரும்பினால் ஊரே முட்டைகோஸ் வேகும் வாசம்."
அன்றைக்கு ஸ்கேன் சென்டர் கவுண்டரில்
நிறைமாதக்காரி ஒருத்திக்கு
முழங்கால் எக்ஸ்ரே என்று பில் போட்டுவிட்டேன்.

ஓர் அட்டையின் தபால்தலைக் காசில்
ஒரு டீயும் ஒரு சமோசாவும் வரும்.
பாக்கியம் கணக்குக் கேட்கிற ஆளில்லை.
ஹார்பர் கேட்டில் இரண்டு ராத்திரி வண்டியிலேயே படுத்துவிட்டு
வந்த காலையில் மட்டும் சொன்னான்:
"நான் ஏத்தினு போற பொட்டி எல்லா ஊருக்கும் போவுது டெல்பின்.
வந்து சேந்துச்சுன்னு ஒருத்தன் எனக்கு எழுதினதில்ல."
பொறாமையா என்று தெரியவில்லை.
தட்டை எடுத்து வைத்தேன்.

முத்திரையைப் படாமல் குத்துங்கள் என்றால்
தபாலாபீஸ்காரர் கண்ணாடிக்கு மேலே பார்ப்பார்:
"இன்னா மேடம், லவ்வா?"
இல்லை என்பேன்.
வேறென்ன என்று
மேம்பாலம் இறங்கும்வரை யோசிப்பேன்.

ஆனிக்குப் பிறகு அட்டை இல்லை.
ஆடி, ஆவணி, புரட்டாசி.
எழுத வேண்டியது அவள் முறை; நானும் விறைப்பாக இருந்தேன்.
சொந்தக்காரர் என்றால் சண்டை போடலாம்,
ஆள் விட்டு விசாரிக்கலாம்.
பார்த்தே இராத ஒருத்தி செத்துப்போனால்
யார் சொல்லி அனுப்புவார்கள்?
போன அட்டையில் என்ன எழுதினேன் என்பதுகூட
என்னிடம் இல்லை. அது அங்கே இருக்கிறது.

பிரசவ விடுப்பு முடிந்து வந்த தபால்காரி கன்னிகா
வாசலிலேயே கேட்டாள்:
"எனக்குப் பதிலா வந்த பையன் புதுசு.
புது முப்பத்தொண்ணுல போய்ப் பாத்தியாக்கா?"

புதிய முப்பத்தொன்று, மோட்டார் காயில் கட்டும் கடை.
உள்சுவரில் ஆறு அட்டைகள்:
பனி உடைக்கும் கப்பல், நரி, பச்சையாய் எரியும் வானம்.
ஜிலானி பாய் எழுந்து நின்றுவிட்டார்.
"நம்மளுது இல்லன்னு தெரியும்மா. குடுத்துரலாம்னுதான் இருந்தேன்.
கரண்டு போன மத்தியானத்துல பாத்தா கொஞ்சம் குளுந்துச்சு."

காயிலுக்கு ஊற்றும் வார்னிஷ் தடவி ஒட்டியிருந்தார்.
உரித்தால் எழுத்து சுவரோடு நின்றுவிடும்.
ஆறு மாதத்து இர்யா
முகம் காட்டி, வாய் சுவருக்குள்.

ஏழாவது இன்னும் ஒட்டாமல்
ஸ்பேனர் டப்பாவில் கிடந்தது.
"எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம்.
எழுதினால் பெரிய எழுத்தில் எழுது.
கண் போய்க்கொண்டிருக்கிறது."

பெரிய எழுத்தில் எழுதினால்
ஓர் அட்டையில் ஒன்பது சொல் பிடிக்கும்.
கடலை விட்டேன். மன்னிப்பை விட்டேன்.
பதினான்கையும் சாய்கோட்டையும் விட்டுவிட்டு
முப்பத்தொன்று, மோட்டார் கடை என்று போட்டேன்.

படத்துக்கு அந்தச் சுவரையே எடுத்தேன்.
தான் விழக் கூடாது என்று பாய் ஒதுங்கிக்கொண்டார்.
ஓரத்தில், ஃபேனை நிறுத்தப் போன
கிரீஸ் கை மட்டும் விழுந்திருக்கிறது.