இரவு முழுக்க ஒரு கதிரை

ஐஸ் பக்ரறிக்கு மேல்மாடி.
முன்பு கொமினிகேசன் நடந்த அறை.
நாடுகளின் பெயரும்
நிமிடத்துக்கு எத்தனை ரூபாய் என்பதும்
சுவரில் இன்னும் பாதி சுரண்டியபடி.
டென்மார்க் தொண்ணூறு.
ஜேர்மனியில் 'ஜே'யைக் காணவில்லை.
அதை மறைக்கத்தான் நீலச்சீலை கட்டினோம்.

நாவாந்துறைக்கு ஒரு தொலைக்காட்சி.
பெயருக்கே மூன்று கூட்டம்.
றெஜினோல்ட் 'கடல்' வேண்டுமென்றான்,
நிஸ்தார் 'குரல்' என்றான்,
சங்கத்துப் பொருளாளர்
தேநீர்க் கணக்கை முதலில் தீர்க்கச் சொன்னார்.
பெயரில்லாமலே தொடங்கினோம்.
கோபுரமில்லை, அன்ரனா இல்லை,
அலைவரிசை கேட்டுக் கொழும்புக்குக் கடிதமில்லை.
என் கைபேசி, கலியாணப் படக்காரனிடம் இரவல் முக்காலி,
கவிழ்த்து வைத்த மீன்பெட்டி,
முப்பது நாளைக்கென்று போட்ட டேட்டா.

செபமாலை முதலாளி வாடகை வேண்டாமென்றார்.
கீழே ஐஸும் அவருடையது,
கரையோர நண்டுக் கொம்பனியும் அவருடையது.
நல்ல மனுசன் என்று
முதல் ஒளிபரப்பில் முதல் வரியாக வாசித்தோம்.

பார்ப்பவர்: பதினொன்று.
அதில் ஏழு பேர் அந்த அறைக்குள்ளேயே நின்றார்கள்.
மிச்ச நாலில் ஒன்று
ஒஸ்லோவில் சோறு வடிக்கும் றெஜினோல்டின் மச்சாள்.
விளைமீன் விலை சொன்னோம், ஒட்டி விலை சொன்னோம்,
மாநகரசபை மூடாத வாய்க்காலைச் சொன்னோம்.
நிஸ்தார் ஒருமுறை தும்மினான்.
பிறகு எல்லோரும் கொத்துரொட்டி தின்னப் போய்விட்டோம்,
கைபேசியை நிறுத்த மறந்து.

விடிய வந்து பார்த்தால்
சார்ஜில் கிடந்து இன்னும் ஓடுகிறது.
ஒரு சிவப்புப் பிளாஸ்ரிக் கதிரை.
மேலே மின்விசிறி. சீலையில் ஒரு பல்லி.
இரவு இரண்டு மணிக்கும்
முப்பத்தெட்டுப் பேர் பார்த்திருக்கிறார்கள்.
எதை?
காற்றில் சீலை ஒருபக்கம் நழுவியிருந்தது.
ஏழு மணிக்கு ஓகூஸிலிருந்து ஒருவர் எடுத்தார்:
"தம்பி, டென்மார்க் தொண்ணூறு பொய்.
எங்கடை ஆக்களிட்டை நூற்றிப்பத்தெல்லோ எடுத்தவை."
வைத்துவிட்டார்.
பெயர் சொல்லவில்லை.

பின்னேரம் இமெல்டா படியேறி வந்தாள்,
வேலை முடிந்த கையோடு.
விரல்களில் நண்டோடு கீறிய கீறல்,
சிலதுக்குத் துணி, சிலதுக்கு ஒன்றுமில்லை.
"பிள்ளைக்குக் காய்ச்சல், நித்திரையில்லை.
ஆரும் வந்து இருப்பினம் எண்டு
விடிய விடியக் கதிரையைப் பாத்தன்.
ஒருத்தரும் வரேல்லை.
அதுதான் வந்தனான்."

இருந்தாள்.
கமெராவைப் பார்க்கவில்லை, விசிறியைப் பார்த்தாள்.
ஒரு நாளைக்கு எத்தனை கிலோ சதை எடுப்பது,
அதில் ஓடு ஒரு துண்டு கிடந்தால்
அந்தக் கிலோவுக்கே காசில்லை என்பது,
கையுறைக்கும் சம்பளத்தில் கழிப்பது,
கழித்த கையுறை எங்கே என்று கேட்ட விமலேஸ்வரி
திங்கட்கிழமையிலிருந்து வராதது.
மாதம் மாதமாகச் சொன்னாள்,
ஆவணி, புரட்டாதி,
கொப்பியில்லாமல்.

பொருளாளர் என் தோளைத் தட்டினார்.
நான் திரும்பவில்லை.
தைரியமென்று எழுதிவிடலாம்;
உண்மையில் முக்காலியின் ஒரு கால் ஆடியது,
அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசியில் விசிறி நின்றது.
லைற் போனது.
கீழே ஆரோ மெயின் சுவிச்சை இறக்கிய சத்தம்
படி வழியாக மேலே வந்தது.
ஐஸ் மெசின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது,
அதற்கு வேறு லைன்.

இமெல்டா நிறுத்தினாள்.
"போகுதோ?"
போகுது என்றேன்.
டேட்டாவுக்குக் கம்பி தேவையில்லை,
பற்றறி முப்பத்தொன்று.
நிஸ்தார் தன் கைபேசி வெளிச்சத்தைப் பிடித்தான்,
முகத்துக்கு அல்ல, விரல்களுக்கு.
அவள் விட்ட இடத்திலிருந்து பிடித்தாள்.

எத்தனை பேர் பார்த்தார்களென்று
பிறகு எல்லோரும் கேட்டார்கள்.
அந்த எண்ணை நான் பார்க்கவேயில்லை.
மூலையிலிருந்த மற்ற எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்:
பன்னிரண்டு,
ஒன்பது,
நாலு.
அவள் இன்னும் மார்கழிக் கணக்கைத் தொடங்கவில்லை.