ஒற்றைக் கொம்பு

ஏட்டில் இருப்பது இவ்வளவுதான்:
'பொயவருங கலம'.
புள்ளி இல்லை. குறில் நெடில் பேதம் இல்லை.
எழுதியவள் பெயரும் இல்லை
(பெண் என்பது என் ஊகம், மூன்றாம் இயலில்).

முதற் பதிப்பாசிரியர் இரட்டைக் கொம்பு போட்டார்:
போய் வருங் கலம்.
அறுபது ஆண்டு கழித்து
அவர் மாணவரின் மாணவர் ஒரு சுழியைக் குறைத்தார்:
பொய் வருங் கலம்.
பிறகு மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு,
ஒரு விழா மலரில் வசை.

நான் பதினொரு பக்கத்துக்கு இரண்டாமவர் கட்சி.
அப்பா ஏறிய படகின் இலக்கத்தை
இன்னும் பாடமாக வைத்திருப்பவள்
வேறெப்படி வாசிப்பேன்?

திருகோணமலை பஸ் நிலையத்தடியில், ரஸீனின் கடையில்
பிரதிகளை வாங்கில் வைத்துவிட்டுச்
சில்லறை தேடிய நேரம்
புள்ளிமான் ஒன்று வந்து
நூற்றுநாற்பதாம் பக்கத்தைத் தின்றது.
அவசரமில்லாமல்,
அடிக்குறிப்பையும் மென்று.
இடப்பக்கக் கொம்பு முறிந்த மான்.

"உங்கட ஏட்டில இல்லாத புள்ளியெல்லாம்
அதுட முதுகிலதான் கிடக்கு மிஸ்"
என்றார் ரஸீன்.
முழுவதையும் தட்டச்சு செய்தவர்,
பேசும் உரிமை அவருக்குண்டு.

திரும்ப அடிக்க உட்கார்ந்தார்.
விரலை நிறுத்திக் கேட்டார்:
"போயா, பொய்யா?
இப்பவும் அதேதானா?"

மூதூர் பஸ் உறுமத் தொடங்கியிருந்தது.
நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லத்தான்
வாயெடுத்தேன்.
"போயிட்டு வாறன்" என்று வந்தது.

எத்தனை கொம்பென்று
அவர் கேட்கவில்லை.